ஆளைக் காணவில்லை என்றால் வழக்கு நிற்குமா?



கிழக்கு மாகாணத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவர் கட்டாருக்குப் போய் ஐந்து வருடங்கள். முதல் இரண்டு வருடம் பணமும் வந்தது, தொலைபேசி அழைப்பும் வந்தது. பிறகு பணம் குறைந்தது, பிறகு நின்றே விட்டது. கடைசியில் தொலைபேசி இலக்கமும் மாறிவிட்டது. இரண்டு பிள்ளைகள். பஸஹ் கேட்டுக் காதி நீதிமன்றத்துக்குப் போனால், "புருஷன்ட விலாசத்தைக் கொண்டு வாங்க, அறிவித்தல் அனுப்ப வேணும்" என்கிறார்களாம். மாமியிடம் கேட்டால், "அவன் எங்க இருக்கான் எண்டு எங்களுக்கும் தெரியா மகள்" என்கிறாராம். 'விலாசம் கிடைக்காவிட்டால் நான் இப்படியே இருந்து முடிய வேண்டியதுதானா?' என்று கேட்டிருக்கிறார்.

இல்லை, சகோதரி. விலாசம் கிடைக்கவில்லை என்பதற்காக எந்த நீதிமன்றக் கதவும் ஒரேயடியாகப் பூட்டப்படுவதில்லை. ஆனால் அந்தக் கதவைத் திறக்க நீங்கள் கொண்டுபோக வேண்டிய சாவி ஒன்று இருக்கிறது. அவர் எங்கே இருக்கிறார் என்பதற்கு ஆதாரம் இல்லாவிட்டால், அவரை நீங்கள் எப்படியெல்லாம் தேடினீர்கள் என்பதற்கு ஆதாரம் வேண்டும். இதைப் பலர் விளங்கிக் கொள்வதில்லை. "தேடினேன், இல்லை" என்று வாயால் சொல்லிவிட்டு, காதியார் தன்னை அலைக்கழிக்கிறார் என்று மனம் நொந்து திரும்பி விடுகிறார்கள்.

அறிவித்தல் ஏன் இவ்வளவு முக்கியம்? அலி (ரழி) அவர்களை யமனுக்கு நீதிபதியாக அனுப்பும்போது நபி (ஸல்) அவர்கள் சொன்ன அறிவுரை அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது. வழக்காளிகள் இருவரும் முன்னால் வந்து அமர்ந்தால், முதலாமவரின் பேச்சைக் கேட்டது போல மற்றவரின் பேச்சையும் கேட்கும் வரை தீர்ப்புச் சொல்ல வேண்டாம் என்பதே அதன் கருத்து. ஆளுக்குத் தெரியாமல் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்வது நம் மார்க்கத்திலும் நியாயமல்ல, நாட்டுச் சட்டத்திலும் நியாயமல்ல. காதியார் விலாசம் கேட்பது உங்களைத் தொந்தரவு செய்வதற்காக அல்ல. நாளைக்கு அந்தத் தீர்ப்பு நிலைக்க வேண்டும் என்பதற்காகவே.

அப்படியானால் மறுதரப்பு ஒளிந்து கொண்டால் என்ன செய்வது? கேள்வி புதிதல்ல. அபூஸுப்யான் (ரழி) அவர்களுடைய மனைவி ஹிந்த் (ரழி) அவர்கள், கணவர் தனக்கும் பிள்ளைக்கும் போதியளவு செலவுக்குத் தருவதில்லை என்று நபியவர்களிடம் முறையிட்ட சம்பவத்தை நீங்கள் பயான்களில் கேட்டிருப்பீர்கள். உனக்கும் உன் பிள்ளைக்கும் போதுமானதை நியாயமான முறையில் எடுத்துக்கொள் என்ற கருத்தில் நபியவர்கள் பதிலளித்தார்கள். இமாம் புகாரி அவர்கள் இந்த ஹதீஸை, சமுகத்தில் இல்லாதவர் விடயத்தில் தீர்ப்பளித்தல் என்ற தலைப்பின் கீழும் கொண்டு வந்திருக்கிறார்கள். அபூஸுப்யான் அப்போது ஊரில்தான் இருந்தார், எனவே இது தீர்ப்பல்ல, மார்க்க விளக்கம்தான் என்று சொன்ன அறிஞர்களும் உண்டு. எவ்வாறாயினும் நம்மில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், ஊரில் இல்லாதவருக்கு எதிராகக் காதி தீர்ப்பளிக்கலாம். ஹனபி மத்ஹபில் பொதுவாக அவர் சார்பில் ஒருவராவது வேண்டும்.

ஷாபிஈ அறிஞர்கள் அதற்கு வைத்த வேலியைப் பாருங்கள். வராதவருக்கு எதிராக வழக்குச் சொல்பவர் சாட்சிகளைக் கொண்டு வந்தால் மட்டும் போதாது. தன் உரிமை இன்னும் தீர்க்கப்படாமல் நிற்கிறது என்று சத்தியமும் செய்ய வேண்டும். வந்திருந்தால் அவர் "நான் கொடுத்துவிட்டேன்" என்று சொல்லியிருக்கக் கூடும் அல்லவா? அவர் இல்லாத இடத்தில் அந்தக் கேள்வியை நீதிபதியே கேட்கிறார். பின்னொரு நாளில் அவர் வந்து தன் ஆதாரத்தை முன்வைத்தால் அதுவும் கேட்கப்படும். வராதவருக்காகவும் வாதாடுகிற இந்த முறை எனக்கு மிகவும் பிடித்தமானது.

இனி நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழேயே காதி நீதிமன்றங்கள் இயங்குகின்றன. இச்சட்டத்தைத் திருத்துவது பற்றி ஆராய 2009இல் நியமிக்கப்பட்ட சலீம் மர்சூப் அவர்களின் குழு 2018இல் அறிக்கை கொடுத்தது. அந்த வாதப் பிரதிவாதங்களுக்குள் இன்று நாம் போகவில்லை. கணவரின் குற்றத்தைக் காரணம் காட்டி மனைவி கேட்கும் விவாகரத்தே பஸஹ். செலவுக்குக் கொடுக்காமல் கைவிட்டுப் போவது அவ்வாறான குற்றமாகும். விசாரணையில் காதியாருடன், நம்மவர்கள் 'ஜூரிமார்' என்று சொல்லும் மூன்று முஸ்லிம்கள் அமர்வார்கள். கணவர் வராமல் இருந்தாலும் மனைவியின் வாய்ச்சொல்லை மட்டும் வைத்து பஸஹ் வழங்கப்படாது, சாட்சிகள் வேண்டும், அதுவும் குறைந்தது இருவர். இங்கே சட்டத்தரணிகள் தோன்ற முடியாது. ஆகவே உங்கள் வழக்கை நீங்களேதான் ஒழுங்குபடுத்த வேண்டும்.

இதற்கு ஓர் அப்பியாசக் கொப்பியே போதும். ஒரு பக்கத்தில் திகதி, மறு பக்கத்தில் யாரைக் கேட்டீர்கள், என்ன பதில் வந்தது. மாமி வீட்டுக்குப் போன நாள், அவர் சொன்ன வார்த்தை, கூட வந்தவர் யார் என்று எழுதுங்கள். கூட ஒருவரை அழைத்துப் போவது முக்கியம், அவரே பின்னர் உங்கள் சாட்சியாகலாம். அவருடன் ஒரே அறையில் தங்கியிருந்த ஊர்க்காரரைக் கேளுங்கள். பணம் வந்த காலத்து வங்கிச் சிட்டைகளை எடுத்துப் பாருங்கள், அனுப்பியவரின் விலாசமோ தொலைபேசி இலக்கமோ அதில் இருக்கலாம். கடவுச்சீட்டுப் பிரதி, வேலை ஒப்பந்தம், அக்காமா இலக்கம், கபீலின் பெயர் என்று வீட்டில் எது கிடக்கிறதோ அதையெல்லாம் ஒரு கடித உறைக்குள் போட்டு வையுங்கள். அவர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து போயிருந்தால் அங்கே விபரம் இருக்கும். மத்திய கிழக்கு நாடுகளிலுள்ள நம் தூதரகங்களில் தொழிலாளர் நலப் பிரிவு இருக்கிறது, அதற்கும் எழுத்தில் விசாரியுங்கள். வாயால் கேட்டால் பதிலும் வாயோடு போய்விடும். பணியகத்தில் பதியாமல், விசிட் விசாவில் போனவர் என்றால் இந்த வழி உதவாது. அதையும் கொப்பியில் எழுதி வையுங்கள்.

கடைசியாகத் தெரிந்த விலாசத்துக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். தபால் கந்தோர் ரசீதைக் கொப்பியில் ஒட்டுங்கள். கடிதம் திரும்பி வந்தால் தயவுசெய்து உறையைக் கிழிக்க வேண்டாம். உறையின் மேல் தபால்காரர் எழுதியிருக்கும் குறிப்பு இருக்கிறதே, 'இவ்விலாசத்தில் இல்லை' என்றோ 'ஏற்க மறுத்தார்' என்றோ, அதுதான் உங்களுக்குத் தேவையான ஆதாரம். இந்த இரண்டு குறிப்புகளும் ஒன்றல்ல. முதலாவது, அவர் அங்கே இல்லை என்கிறது. இரண்டாவது, அவர் அங்கேதான் இருக்கிறார், விடயம் வரப்போவதும் அவருக்குத் தெரியும் என்கிறது. மறுத்தவரைக் காணாமல் போனவராக எந்த நீதிபதியும் கருத மாட்டார்.

மாவட்ட நீதிமன்றத்தில் இந்த ஒழுங்கு குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் படிப்படியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அழைப்பாணை முதலில் பதிவுத் தபாலில் போகும். அது சேரவில்லை என்றால் பிஸ்கால் உத்தியோகத்தர் மூலமாக அல்லது அந்தப் பிரிவின் கிராம உத்தியோகத்தர் மூலமாக (நம் பெரியவர்கள் இன்னும் விதானையார் என்றே சொல்வார்கள்) நேரில் கையளிக்கப்படும். உரிய முயற்சி செய்தும் ஆளைப் பிடிக்க முடியாவிட்டால், அவர் வழமையாக வசிக்கும் வீட்டில் கண்ணில் படும்படியான ஓரிடத்தில் ஒட்டுவார்கள். அதன் பின் அழைப்பாணை சேர்ந்ததாகவே கொள்ளப்படும். கதவை மூடிக்கொண்டு உள்ளே இருந்தால் வழக்கு வெளியே நிற்கும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆள் வராவிட்டால் ஒருதலைப்பட்சமாக விசாரித்துத் தீர்ப்புக் கொடுப்பார்கள். அந்தத் தீர்ப்பின் கட்டளை அவர் கைக்குக் கிடைத்து 14 நாட்களுக்குள் அவர் வந்து, வராமல் போனதற்கு நியாயமான காரணத்தைக் காட்டினால், தீர்ப்பு நீக்கப்பட்டு வழக்கு மீண்டும் எடுக்கப்படும். ஒட்டிய இடம் தவறு, நான் அங்கே வசிக்கவேயில்லை என்று ஒருவர் நிரூபித்தால், நீங்கள் வருடக்கணக்காக அலைந்து எடுத்த தீர்ப்பு ஒரே நாளில் போய்விடும்.

காதி நீதிமன்றத்தில் நடைமுறை இவ்வளவு நுணுக்கமானதல்ல, பெரும்பாலும் பதிவுத் தபாலையே நம்பியிருக்கிறார்கள். ஆகவே நீங்கள்தான் ஒரு படி மேலே போக வேண்டும். அறிவித்தலின் ஒரு பிரதியைக் கணவரின் பெற்றோர் வீட்டுக்கும் அனுப்பும்படி காதியாரிடம் எழுத்தில் கேளுங்கள். இன்னொரு பிரதியை அவரது ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் அனுப்பச் சொல்லுங்கள். மகன் எங்கே என்று தெரியாத மாமிக்கும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் சிலவேளை மகனுடைய அழைப்பு வருவதுண்டு. செய்தி எப்படியோ போய்ச் சேரும். அறிவித்தலின் நோக்கமே செய்தி போய்ச் சேர்வதுதானே?

அமெரிக்காவில் நியூயோர்க் நகரத்தில் 2015இல் இதே போன்ற ஒரு வழக்கு வந்தது. கணவருக்கு நிலையான விலாசம் இல்லை, தபால் கந்தோரிடமும் புதிய விலாசம் இல்லை. தொலைபேசியிலும் பேஸ்புக்கிலும் மட்டும் அவ்வப்போது வருவார், விவாகரத்துக் கடதாசியை வாங்க மட்டும் வரமாட்டார். மனைவியின் வேண்டுகோளை ஏற்ற நீதிபதி, அழைப்பாணையைப் பேஸ்புக் மூலமே அனுப்ப அனுமதித்தார். ஆனால் அந்தக் கணக்கு உண்மையில் கணவருடையதுதான், அவர் அதைத் தொடர்ந்து பாவிக்கிறார் என்று நிரூபிக்கச் சொன்ன பிறகே. வாரத்துக்கொரு தடவையாக மூன்று வாரம் அனுப்ப வேண்டும் என்றும் கட்டளையிட்டார். பத்திரிகையில் விளம்பரம் போடுவதை அவர் விரும்பவில்லை. செலவு அதிகம், அந்தக் கணவர் அதைப் பார்க்கப் போவதுமில்லை என்பது அவர் சொன்ன காரணம்.

அது அவர்களுடைய நாட்டுச் சட்டம். நம் காதி நீதிமன்றத்தில் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மட்டும் போதும் என்று எவரும் நம்பிவிட வேண்டாம். ஆனாலும் அவருடைய புதிய இலக்கம் தெரிந்தால், பதிவுத் தபாலுக்கு மேலதிகமாக அறிவித்தலைப் படம் பிடித்து அனுப்பி, அவர் பார்த்ததற்கான அடையாளத்தையும் அச்சிட்டுக் காதியாரிடம் கொடுங்கள். "எனக்குத் தெரியாது" என்று பின்னர் ஒருவர் சொல்வதற்கு அது பெரிய தடை. கோபத்தில் நாலு வார்த்தை சேர்த்து அனுப்பிவிடாதீர்கள். நாளை அதையும் நீதிமன்றத்தில் வாசிப்பார்கள்.

சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்ல வேண்டிய ஒன்று. கணவரின் சரியான விலாசம் தெரிந்திருந்தும், வேலை சுருக்கமாக முடியட்டும் என்று தெரியாதது போல் இருப்பது, அல்லது யாருமில்லாத பழைய விலாசத்தைக் கொடுப்பது நம்மிடையே நடக்கிறது. இதற்குச் சில சமயம் வீட்டுப் பெரியவர்களே ஆலோசனை சொல்கிறார்கள். அதன் விளைவை எண்ணிப் பாருங்கள். பஸஹ் கிடைக்கிறது, இத்தா முடிகிறது, இன்னொரு நிக்காஹ் நடக்கிறது, ஒரு பிள்ளையும் பிறக்கிறது. அப்போது முன்னைய கணவர் வந்து, "என்ட விலாசம் இவவுக்கு நல்லாத் தெரியும், இதோ அவ எழுதின கடிதம்" என்று காட்டினால், ஆட்டம் காண்பது ஒரு கடதாசி மட்டுமல்ல. மார்க்கத்திலும் தப்ப வழியில்லை. வாதத் திறமையால் ஒருவர் தீர்ப்பை வென்றாலும், பிறருடைய உரிமையை அத்தீர்ப்பு அவருக்கு ஹலாலாக்கி விடாது என்ற கருத்தில் உம்மு ஸலமா (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் நாம் அறிந்ததே.

இதன் மறுபக்கம் காணி வழக்குகளில் தெரியும். அங்கே 'தேடிக் கிடைக்காத பிரதிவாதி' பெரும்பாலும் ஒரு பெண். வாப்பாவின் காணியில் ராத்தாவுக்கும் தங்கைக்கும் பங்கு இருக்கிறது. ராத்தா கலியாணம் முடித்து வேறு ஊருக்குப் போய்விட்டார். நானாமார் பங்குப் பிரிவினை வழக்குப் போடும்போது ராத்தாவின் விலாசமாகப் பழைய மகாகெதரையைக் கொடுத்துவிடுகிறார்கள். அழைப்பாணை அந்த வீட்டுக்கே வருகிறது, அதைப் பெறுபவர் நானாவின் மனைவி. பிரிவினை வழக்கில் அறிவித்தலைக் காணியில் ஒட்டுவதும், பறையடித்து அறிவிப்பதும் உண்டுதான். நூறு மைலுக்கு அப்பால் இருக்கும் ராத்தாவின் காதுக்கு அந்தப் பறை எப்படிக் கேட்கும்? பிரிவினை வழக்கின் இறுதித் தீர்ப்பு எல்லோரையும் கட்டுப்படுத்தும், பின்னர் அதை அசைப்பது மிகக் கடினம். ஆகவே கலியாணம் முடித்து வெளியூரில் இருக்கும் சகோதரிகள், வாப்பா மௌத்தாகிய பின் வருடத்தில் ஒரு தடவையாவது அந்தக் காணிப் பக்கம் போய்வாருங்கள். அயலவரிடமும் அந்தப் பிரிவின் கிராம உத்தியோகத்தரிடமும் உங்கள் இப்போதைய விலாசத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் கொடுத்து வையுங்கள். நானா மீது சந்தேகப்படுவதாக ஆகாதா என்று கேட்பீர்கள். விலாசம் கொடுப்பது சந்தேகமல்ல, நல்ல நானாவுக்கு அது உதவியும் கூட.

கட்டார் சகோதரிக்கு ஒரு வார்த்தை. பஸஹ் கிடைக்கும் வரை பிள்ளைகளின் தாபரிப்பைப் பற்றிப் பேசாமல் இருக்க வேண்டாம். காதியாரிடம் அதையும் தனியாகக் கேளுங்கள். கணவருக்கு ஊரில் காணியோ கடையோ பங்கோ இருந்தால் அந்த விபரத்தையும் எழுதிக் கொடுங்கள். ஆள் வெளிநாட்டில் இருந்தாலும் அவருடைய சொத்து இங்கேதானே இருக்கிறது. காணாமல் போனவரின் மனைவி நான்கு வருடம் காத்திருக்க வேண்டும் என்று யாரோ சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது உயிரோடு இருக்கிறாரா, மௌத்தாகிவிட்டாரா என்றே தெரியாதவர் விடயத்தில் உமர் (ரழி) அவர்கள் வழங்கிய தீர்ப்பு. அதிலும் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் கணவர் உயிரோடு இருக்கிறார், செலவுக்குத் தரவில்லை என்பதே உங்கள் முறைப்பாடு. இரண்டையும் குழப்பிக்கொண்டு வீணாக வருடங்களைக் கழிக்க வேண்டாம்.

பெயர் குறிப்பிட வேண்டாம் என்று எழுதியுள்ள கண்டி மாவட்டச் சகோதரிக்கு: கணவர் தலாக் சொல்ல விண்ணப்பித்ததாகக் காதியாரிடமிருந்து வந்த பதிவுத் தபாலை நீங்கள் வாங்காமல் திருப்பி அனுப்பியது உங்களுக்குப் பாதகமானது. நீங்கள் ஒப்பமிடாததால் விசாரணை நின்றுவிடாது. நீங்கள் போகாவிட்டால் உங்கள் மஹர், கைக்கூலி, இத்தாக் காலத் தாபரிப்பு, பிள்ளைகளின் செலவு பற்றிப் பேச அங்கே எவரும் இருக்க மாட்டார்கள். இந்தக் கிழமையே காதி நீதிமன்றத்துக்குப் போய், வழக்கு இலக்கத்தையும் அடுத்த தவணைத் திகதியையும் கேட்டு எழுதிக் கொள்ளுங்கள். நீங்கள் இப்போது உம்மா வீட்டில் இருப்பதால் அந்த விலாசத்தை எழுத்தில் கொடுத்து, பிரதியில் காதியாரின் ஒப்பத்தையும் திகதியையும் வாங்குங்கள். கட்டளை ஏதும் ஏற்கனவே வழங்கப்பட்டிருந்தால் அதன் பிரதியைக் கேளுங்கள். காதிகள் சபைக்கு மேன்முறையீடு செய்ய 30 நாட்களே உண்டு.